கொடைப் பந்தலில் வில்லடி: கூட்டம் நின்ற இடத்தைப் பாருங்கள்

வில்லடி, அதாவது வில்லுப்பாட்டு, நல்லா இருந்ததா இல்லையா என்பதைப் பாட்டை மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது. செல்போன் பதிவை வீட்டில் போட்டுக் கேட்டால் எல்லாக் குழுவும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். பந்தலில் யார் எந்த நேரம் எங்கே இருந்தார்கள், எந்த வரியில் பேச்சை நிறுத்தினார்கள், எப்போது எழுந்தார்கள், எப்போது பாயைச் சுருட்டினார்கள் என்று கவனித்தால்தான் அந்த இரவின் தரம் பிடிபடும். கொடை என்னும் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டம் வேடிக்கை பார்க்க வருவதில்லை. குலவை போடுவது அவர்கள். சாமி இறங்குவதும் அவர்கள் மேல்தான். கதையில் சாகிறவளுக்காக அழுகிறவர்களும் அவர்களே.

கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை வட்டாரத்தில் பங்குனியில் நடந்த ஓர் இசக்கியம்மன் கோயில் கொடையின் வில்லடி பற்றியது இந்த விமர்சனம். திங்கள் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, செவ்வாய் நண்பகலில் உச்சிக்கொடை, இரவு சாமக்கொடை, புதன் காலை மஞ்சள் நீராட்டு. மூன்று வேளைக்கும் ஒரே குழு. ஏழு பேர். அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், ஒரு பெண். கொட்டாரத்தில் வாழ்ந்து 2018இல் மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மாவைக் கேட்டு வளர்ந்த மாவட்டம் இது. வில்லுக்குப் பின்னால் ஒரு பெண் உட்காருவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தவறு அங்கேதான் நடந்தது. கொடை வில்லடியில் வில்லுக்காரர்கள் நம்மைப் பார்த்து உட்காருவதில்லை. அம்மனைப் பார்த்து உட்காருவார்கள். சன்னிதிக்கும் வில்லுக்கும் நடுவே திறந்த பாதை இருக்கும். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் மறுபக்கமுமாகக் கூட்டம் இருபுறமும் தரையில் உட்காரும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கையில் மேடைக்குப் போய், சுப்பு ஆறுமுகம் ஐயா வழியாக நாடெங்கும் பரவிய வில்லுப்பாட்டு, முகத்தைச் சபையின் பக்கம் திருப்பிக்கொண்டது. அதுவும் நல்ல கலைதான். ஆனால் அதை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் கொடைக்கு வந்ததும் பாடகரின் முகம் தெரிகிற இடம் தேடி சன்னிதிப் பாதையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கோயிலில் நிர்வாகமே அப்படித்தான் பிளாஸ்டிக் நாற்காலிகளை நாலு வரிசை போட்டிருந்தது, முக்கியஸ்தர்களுக்கென்று. குடியழைப்பன்று சாமியாடி சன்னிதியிலிருந்து வில்லை நோக்கி வந்தபோது அவருக்கு வழி இல்லை. நாற்காலிகளைத் தூக்கி இழுத்து ஒதுக்குவதற்குள் சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டின் வேகம் அறுந்துவிட்டது. அண்ணாவி அதை மறுபடி அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.

குறைந்தது எட்டடி அகலப் பாதையைக் கயிறு கட்டியாவது காலியாக வைக்க வேண்டும். வில்மேடை ஓரடிக்கு மேல் உயரக் கூடாது. இங்கே மூன்றடி மேடை. சாமியாடியும் அண்ணாவியும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துத்தான் பாட்டை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். மூன்றடி உயரத்தில் அந்தப் பார்வை தவறிப்போகிறது. கூட்டத்துக்கும் குடமடிப்பவரின் கை தெரியாமல் போகிறது. அது பெரிய இழப்பு.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்கதிரின், அதாவது வில்லின் வளைந்த தண்டின், நடுப்பகுதி குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடமடிப்பவரின் ஒரு கையில் தட்டையான மட்டை. அதால் குடத்தின் வாயில் அறையும்போது உள்ளே அடைபட்ட காற்று ‘கும்’ என்று வெளியேறும். மறுகையில் ஒரு நாணயம். அது குடத்தின் வயிற்றில் ‘டிங் டிங்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். கதை நடக்கும் இடத்தில் நாணயம்தான் முன்னால் நிற்கும், மட்டை இடையிடையே மட்டும் விழும். யாராவது சாகப்போகிறார்கள் என்றால் நாணயம் நின்றுவிடும், மட்டை மட்டும் மிஞ்சும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டவர்கள் அண்ணாவி வாயைத் திறப்பதற்கு முன்பே அடுத்து என்ன வரும் என்று தெரிந்து நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தக் குழுவின் குடக்காரர் மிகச் சிறந்தவர். வேகம் கூடும்போதும் அடி பெருக்கவில்லை. உடுக்கைக்காரருக்கு இடம் விட்டு அடித்தார்.

உடுக்கைதான் நள்ளிரவில் சிக்கலாகும். பனி இறங்கினால் தோல் தளர்ந்து ஒலி மங்கிவிடும். இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்தே எல்லாப் பாட்டையும் ஓட்டினால் ஏற்ற இறக்கம் போய்விடும். அனுபவமுள்ளவர் பாட்டு இடைவெளியில் சாம்பிராணிக் கனலுக்கு மேலே தோலைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வார். இவரும் அப்படியே செய்தார். கோயில் நிர்வாகம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சட்டி கனல் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். செலவே இல்லாத உதவி.

குடியழைப்பு இரவில் கூட்டம் குறைவு. அதை வைத்துக் குழுவை எடைபோட வேண்டாம். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று தொடக்கப் பாட்டுகளாகப் போகும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் பந்தலில் இருப்பவர்கள் கிழவிகளும் குழந்தைகளும்தான். பெண்கள் பொங்கல் வேலையில் இருப்பார்கள், ஆண்கள் தோரணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் நாட்டு வளம் பாடும்போது தோவாளைப் பூவையும் பழையாற்றுத் தண்ணீரையும் ஆரல்வாய்மொழிக் காற்றையும் அண்ணாவி சொல்லச் சொல்ல, அடுப்பங்கரையிலிருந்து ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்க்க வேண்டும். மனப்பாடம் செய்த பொது வருணனையைப் பாடும் குழுக்களுக்கு இது கிடைக்காது.

இனி செவ்வாய் இரவு. கதை இசக்கி கதை. முப்பந்தல் இருப்பது இதே தோவாளை வட்டத்தில். இந்தக் கதையைத் தெரியாத ஆள் பந்தலில் இருக்க மாட்டார். அதனால் அடுத்து என்ன என்ற ஆவல் கிடையாது. அண்ணாவி எப்படிச் சொல்லப்போகிறார் என்பதில்தான் எல்லாக் காதும் இருக்கும். கயிலாயத்தில் பிறந்த சாமிகளின் கதையில் கூட்டம் கைகூப்பிக் கேட்கும். வெட்டுப்பட்டும் அடிபட்டும் செத்துத் தெய்வமானவர்களின் கதையில்தான் கூட்டம் தன்னை இழக்கும். இந்த வட்டாரத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் இந்த இரண்டு வகையைப் பிரித்துத்தான் பேசுகிறார். கொடை கேட்பவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

இசக்கி கதையில் இரண்டு பெரிய சாவுகள். வேதியனை நம்பி நகையோடு காட்டு வழியில் வந்த பெண், அவன் மடியில் தலைவைத்து உறங்கிப்போகிறாள். அவன் மணலைக் கூட்டி அதன்மேல் அவள் தலையை மெல்ல இறக்கிவைத்து, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்கிறான். கள்ளிச்செடி மட்டும் சாட்சி. மறுபிறவியில் அவள் நீலியாகி, செட்டியாகப் பிறந்தவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று பழையனூர் வேளாளர் சபையில் வழக்கு வைக்கிறாள். அவர்கள் நம்பி, அவன் காவலுக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு இருவரையும் ஓர் அறையில் அடைக்கிறார்கள். இரண்டாவது சாவு அங்கே.

அந்த இரவில் முதல் சாவு ஒலிபெருக்கியோடு நடந்தது. இரண்டாவது, மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடாமல், வெறும் குரலில் நடந்தது. ஒரே குழு, ஒரே கூட்டம். ஒலி அமைப்பு மட்டும் வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் கொடை நடத்துகிற எந்த ஊரும் அடுத்த வருடம் மைக்செட்டுக்காரரிடம் வேறு மாதிரிப் பேசும்.

முதல் சாவின்போது நிலைமை இது. பந்தலில் இரண்டு பாக்ஸ், ஊருக்குள் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். குழாயில் குடத்தின் அடிநாதம் வராது; நாணயமும் ஜால்ராவும் மணியும்தான் கீச்சென்று வரும். அதுகூடப் பரவாயில்லை. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயிலிருந்து வரும் சொல், பந்தலில் இருப்பவர் காதுக்கு அரை நொடி தாமதமாகத் திரும்பி வரும். ‘மணலைக் கூட்டி’ என்று அண்ணாவி முடித்து மூச்செடுக்கும் அந்த அமைதியில் தெருக்கோடியிலிருந்து மறுபடி ‘கூட்டி’ என்று விழுகிறது. அமைதியே இல்லாமல் போய்விட்டது. போதாததற்கு மிக்சரில் எக்கோவையும் கூட்டிவைத்திருந்தார்கள். கூட்டம் என்ன செய்தது? கேட்டது. நாலைந்து கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். குலவை ஒருமுறை எழுந்து பாதியில் நின்றது. பின்வரிசை இளைஞர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை, ஏனென்றால் நிறுத்தாமலும் பாட்டு அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. வளைத்து வளைத்து வீடியோ எடுத்தார்கள்.

அதன் பிறகு அரைமணி நேரம் பாழ். கதை நீலி பிறந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது நிர்வாகி மைக்கை வாங்கி நன்கொடையாளர் பட்டியல் வாசித்தார். நூறு ரூபாய் தந்தவரையும் மதிக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதற்கு இடம் உச்சிக்கொடை சாப்பாட்டு நேரம், அல்லது நாட்டு வளத்துக்கு முன்பு. கதையின் நடுவில் வாசித்தால் கூட்டம் டீக்கடைக்குப் போகும், போனதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பாது. அன்றும் திரும்பவில்லை.

பதினொரு மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரை மாற்றும் சுவிட்சில் ஏதோ கோளாறு. மிக்சருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வைத்திருந்தால் ஒலியாவது நின்றிருக்காது. குத்துவிளக்கும் தீப்பந்தமும் மட்டும். கள்ளிக்கொப்பை ஒடிக்கும் இடம். அண்ணாவி ஒரு கணம் சுற்றிப் பார்த்துவிட்டு வீசுகோலை நாணில் ஓங்கி அடித்தார். மணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் குலுங்கின. பதில் குரல் கொடுக்கும் இடம்பாடிகள் இருவரும் ‘ஆமா’ என்று பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் நகர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. கேட்க வேண்டுமானால் பக்கத்தில் வந்தாக வேண்டும், அவ்வளவுதான். சுவரோரம் சாய்ந்திருந்தவர்கள், டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள், வண்டிமேல் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாரும் வில்லின் இரண்டு நுனியிலிருந்தும் கையெட்டும் தூரத்துக்கு வந்து குந்திவிட்டார்கள். ஒரு பையன் போன் லைட்டைப் போட்டதும் பக்கத்திலிருந்த பாட்டி அவன் கையைப் பிடித்து இறக்கினார். “மக்களே, வெளிச்சத்த அணை. அம்மை வாற நேரம்.” அவன் அணைத்தான். அதற்குப் பிறகு ஒரு போனும் வெளியே வரவில்லை.

சபையில் நீலி வழக்கு வைக்கும் இடத்தில் அண்ணாவி பாட்டை விட்டுப் பேச்சுக்கு வந்தார். பெண்கள் பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளை யாரைப் போல இருக்கிறது என்று கேட்டார். எங்கிருந்தோ ஒரு பெண், “அப்பன மாதிரிதான் இருக்கு எக்கா!” என்றாள். பந்தலே அதை ஏற்றுக்கொண்டு முனகியது. ஊர்க்காரர்கள் பழையனூர்ச் சபையாக மாறிய நேரம் அது. அவர்களே சாட்சி சொல்லி, அவர்களே செட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது போலாயிற்று. ஒலிபெருக்கி இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் வந்திருக்காது. பெரிய சத்தத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

குடத்தில் நாணயம் நின்றது. மட்டை மட்டும். பெண்கள் பக்கம் குலவை எழுந்தது, இந்தத் தடவை ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் அடுத்தவர் எடுத்து அறுபடாமல் போயிற்று. சாமியாடி சன்னிதியிலிருந்து ஓடிவந்தார், பாதை திறந்திருந்தது. அவரோடு கூட்டத்தில் மூன்று பெண்களுக்கும் சாமி வந்தது. எதிர்பாராமல் யாருக்காவது சாமி வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதை இங்குள்ள பெண்கள் பிசகாமல் செய்தார்கள்: பின்னால் ஒருவர் இடுப்பைத் தாங்கிக்கொள்வது, தலைமுடி விளக்குத் தீயில் படாமல் சேர்த்துப் பிடிப்பது, முன்னால் இருக்கும் குழந்தைகளை நகர்த்துவது, கடைசியில் மஞ்சள் தண்ணீரும் திருநீறும். வெளியூர்க்காரர்கள் குறுக்கே போய்த் தாங்கப் பார்க்க வேண்டாம்; விலகி இடம் விட்டாலே போதும்.

ஒரே ஒரு குறை, நையாண்டி மேளம். சாமி வந்ததும் மேளக்காரர்கள் தாங்களாகவே முழங்கத் தொடங்கிவிட்டார்கள். தவில் பக்கத்தில் வெறும் குரல் நிற்காது. செட்டியின் கடைசிப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. அண்ணாவி வீசுகோலைத் தலைக்குமேல் தூக்கினால் மேளம் எடுக்கலாம், அதுவரை கூடாது என்று முன்கூட்டியே இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இதற்காக மைக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்நூறு பேர் கூடும் கொடையில் வெறும் குரல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, அண்ணாவியின் தொண்டையும் கெடும். பந்தலுக்குள் மட்டும் இரண்டு பாக்ஸ் போதும். அவற்றை வில்லுக்காரர்களுக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் மைக் ஊளையிடும். அண்ணாவிக்கு ஒன்று, இடம்பாடிகளுக்குப் பொதுவாக ஒன்று, குடத்துக்கு ஒன்று. குடத்தின் மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் காற்று அடித்து வெடிக்கும். நாலு விரல் தள்ளி, சாய்த்து வைக்க வேண்டும். மணிகளுக்குத் தனி மைக் வைக்கவே கூடாது, மற்ற மைக்குகளிலேயே வேண்டிய அளவு விழும். எக்கோ பூச்சியம். தெருக் குழாய்களை வில்லடி நேரத்தில் அணைத்துவிடலாம், காலையில் பக்திப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் இதற்கே துணை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். ஆகவே காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டாவது சாவு 11.30க்குள் வரும்படி கதையைத் திட்டமிட வேண்டும். ஒன்பதரைக்குத் தொடங்கிவிட்டு அண்ணாவியிடம் ‘சுருக்கிப் பாடுங்க’ என்று துண்டுச்சீட்டு அனுப்புவது அநியாயம். இங்கேயும் ஒரு சீட்டு போனது. அவர் படித்துவிட்டு மடக்கி வைத்துக்கொண்டார்.

மற்ற வசதிகள் பரவாயில்லை. குடிதண்ணீர் இருந்தது, பெண்களுக்குக் கழிப்பறை பக்கத்து வீடுகளில்தான். நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ்ஸில் வரலாம், ஆனால் சாமக்கொடை முடியும் நேரத்துக்கு ஊர்ப் பஸ்ஸை நம்ப வேண்டாம். மஞ்சள் தெறிக்கும், வெள்ளை உடுப்பைத் தவிர்க்கவும். நாற்காலி வேண்டாதவர்கள் குடக்காரரின் பக்கம், மேடையை ஒட்டித் தரையில் உட்காரலாம்; அதைவிட நல்ல இடம் பந்தலில் இல்லை.

குழுவை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு. வெற்றிலை பாக்கு அச்சாரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டியவை: எந்தச் சாமியின் கதை, உங்கள் ஊரில் அது எந்த வழக்கில் பாடப்படுகிறது, வரத்துப்பாட்டு எத்தனை சாமிக்கு, எந்த வரிசையில். பரிவார சாமி ஒன்றை விட்டுவிட்டால் அந்தச் சாமியாடியின் குடும்பம் வருத்தப்படும், பழி அண்ணாவி தலையில் விழும். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பேரம் பேசாதீர்கள். ஏழு பேரை ஐந்து பேராக்கினால் முதலில் போவது இரண்டாவது இடம்பாடி. ‘ஆமா’ என்று பதில் சொல்ல ஒரே குரல்தான் இருந்தால் அண்ணாவிக்கு மூச்செடுக்க நேரம் கிடைக்காது. ஆர்மோனியத்தை வேண்டுமானால் விட்டுவிடலாம். சினிமா மெட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம், இந்தக் குழுவிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

குழுவுக்கு முழு மதிப்பெண். ஏற்பாட்டுக்குப் பாதிதான். அன்பளிப்பு கொடுக்க நினைப்பவர்கள் பாட்டின் நடுவே மேடையேறி நோட்டைக் குத்த வேண்டாம், அது அண்ணாவியின் மூச்சைக் கெடுக்கும். கடைசி வாழ்த்தான வாழி பாடி முடித்து வில்லை அவிழ்க்கும்போது நேரில் போய்க் கையில் கொடுங்கள், குடக்காரருக்கும் சேர்த்து.